ஒரு பெயருக்கு வந்த உச்சிவேளை விருந்தினர்

ஓராண்டுக் காலம் எனக்குப் பதினொரு பெயர்கள் சொந்தமாயிருந்தன. நிலமோ வீடோ அல்ல, பெயர்கள் மட்டுமே. இணையத்தில் ஒரு முகவரியாக எவரும் தட்டச்சு செய்யக்கூடிய சொற்கள். ஆண்டுக் கட்டணம் செலுத்தி ஒரு பெயரைப் பதிந்துகொண்டால், அவ்வாண்டு முழுவதும் உலகில் வேறெவரும் அதை எடுத்துக்கொள்ள இயலாது. அதன்மேல் எதையும் கட்ட வேண்டியதில்லை; சும்மா நிறுத்திவைக்கலாம், அதற்குப் பார்க்கிங் என்று பெயர். விளம்பர நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டால், அப்பெயரைத் தேடியோ தவறியோ வந்து சேர்பவர் முன் அந்நிறுவனம் சில விளம்பரங்களை விரித்துவைக்கும். வந்தவர் ஒன்றைத் தொட்டால் பெயருக்கு உரியவனுக்குச் சில காசுகள் கிடைக்கும். பெரும்பாலும் ஒருவரும் வருவதில்லை. வராத நாள்களிலும் பெயர் அங்கே இருக்கும். விளக்கேற்றி வைத்த ஆளில்லா அறையைப்போல.

மலையாள மண்ணில், மலைக்கணவாயின் வாயிலில் இருக்கும் பெருமாட்டியை ஒட்டிய ஊரில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் நான் நாட்கூலி ஆசிரியன். வகுப்பெடுத்த நாள்களுக்கு ஊதியம் உண்டு. கோடை விடுமுறைக்கு இல்லை. அத்தகைய விடுமுறை ஒன்றில், தென்னந்தோப்பில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தபடி, கைபேசியில் இவ்வழியைப் பற்றிப் படித்தேன். முதலாண்டுக் கட்டணம் ஒரு பெயருக்கு ஒருவேளை உணவகச் சாப்பாட்டின் விலைதான். மூன்று வாரங்களில் பதினொன்று வாங்கிவிட்டேன். இரண்டாம் ஆண்டு முதல் கட்டணம் பன்மடங்காகும் என்னும் செய்தி பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. மாணவர் ஏட்டில் விடுபட்ட ஓர் ஒற்றெழுத்தைத் தொலைவிலிருந்தே கண்டுபிடிக்கும் என் கண் அதைக் காணவில்லை.

கடைசி நான்கு பெயர்களுக்குப் பால் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்த பணத்தை எடுத்திருந்தேன். அது மாட்டுத் தீவனத்துக்கென்று என் மனைவி ஒதுக்கிவைத்த பணம்.

"ஏங்க, தீவன மூட எங்க?" என்று அவள் மாட்டுக் கொட்டிலில் நின்றபடி கேட்டாள். நான் உள்ளதைச் சொன்னேன். அவள் காலித் தீவனத் தொட்டியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "பேரத் தின்னுட்டா பாலு கறக்கும் ஒங்க மாடு?" என்றாள்.

அன்று மாலையே ஒரு நிபந்தனை விதித்தாள். "இனிமே பால் காசுல ஒத்த ரூவா அதுக்குப் போகக் கூடாது. ஒங்க சம்பளமும் வீட்டுக்குத்தான். அந்தப் பேருக தாஞ் சம்பாதிச்சுத் தானே பொழச்சாப் பொழைக்கட்டும். இல்லேன்னாப் போகட்டும்." நான் வாக்களித்தேன். அச்சத்தால் அன்று. அது நேர்மையான ஏற்பாடு என்றே எனக்கும் பட்டது.

நல்லேப்பிள்ளியில் வாழ்க்கைப்பட்ட என் தமக்கை கேள்விப்பட்டு வந்து, "ஏன்டா தம்பி, தென்னம்புள்ள நட்டீனாலும் அஞ்சாறு வருசத்துல ஒரு தேங்கா போடும். பேரு என்னடா போடும்?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் தேநீர் குடிக்கப் போனார்.

பதினொன்றில் பத்துப் பெயர்கள் என் கல்வியின் விளைவு. மழைக்கு முந்தைய மண்ணின் மணத்துக்கும், அருவியின் தொலைவொலிக்கும், விடியலுக்கு முந்தைய இருளுக்கும் பழந்தமிழ் வைத்திருந்த சொற்களை இணைத்து இணைத்து அமைத்தவை. அவற்றை உலகில் என்னைத் தவிர எவரும் தட்டச்சு செய்ய மாட்டார் என்பது ஆவணி மாதத்துக்குள் தெளிவாயிற்று. பதினொன்றாவது மட்டும் என் ஆக்கம் அன்று. மணமான புதிதில், ஏலக்காய் விளையும் மலைமேல் ஆனைக்கரையில் உள்ள என் மனைவியின் பிறந்தகத்துக்கு முதன்முறை சென்றபோது, கம்பம் மெட்டின் வளைவுகளில் ஏறிய பேருந்திலிருந்து மூடுபனிக்குள் ஒரு விளக்கைச் சுட்டிக்காட்டி அவள் சொன்ன சொல் அது. ஏலத்தோட்டத்து நடுவிலுள்ள வீடு என்று பொருள்படும் இரண்டு எளிய சொற்கள். அப்பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இப்போது அது வேறொருவருடையது.

அந்தப் பெயருக்கு மட்டும் ஆள்கள் வந்தனர். அங்கே விரிந்தவை மலைவிடுதி அறைகளின் விளம்பரங்கள். வாரத்துக்கு இருவர், மூவர். நிறுவனம் அனுப்பும் அறிக்கையில் வந்தவர் யாரென்று இராது. எந்த நகரத்தின் வழியாக, எந்த நேரத்தில் வந்தார் என்பது மட்டும் இருக்கும். வளைகுடா நகர் ஒன்றிலிருந்து விடியற்பொழுதில் ஒருவர். சென்னையிலிருந்து பிற்பகலில் ஒருவர். பள்ளியின் இடைவேளையில் நான் அவர்களைப் பற்றியே எண்ணிக்கொண்டிருப்பேன். மணல் சூழ்ந்த ஊரில் இன்னும் கதிரெழாத வேளையில் கண்விழித்து, மலைமேல் ஈரமான வீடொன்றை விரும்பித் தன் விருப்பத்தை இரண்டு சொற்களாகத் தட்டிப் பார்க்கும் மனிதர். அவர் விரும்பியதும் என் மனைவி பேருந்திலிருந்து காட்டியதும் ஒரே வீடு என்று எனக்குத் தோன்றும். அங்கே வீடில்லை என்று கண்டு அவர் திரும்பியிருப்பார். திரும்பும்போது ஒரு விளம்பரத்தைத் தொட்டிருந்தால், என் கணக்கில் ஒரு துளி சேர்ந்திருக்கும்.

பத்துப் பெயர்கள் போனால் போகட்டும். இந்த ஒன்று எனக்கு வேண்டும். சித்திரையில் அதன் ஆண்டு முடியும். அதற்குள் அது தன் கட்டணத்தைத் தானே ஈட்டியாக வேண்டும். சேர்ந்த தொகை ஒரு வரம்பைத் தொட்டால்தான் நிறுவனம் பணம் அனுப்பும். மார்கழி முடிவில் அவ்வரம்பின் கால்பங்குகூட நிறையவில்லை. அவ்வாண்டில் எனக்கிருந்த கவலைகளுள் இதனைப் பிறரிடம் சொல்ல நாணினேன். ஆயினும் நாள்தோறும் முதலில் நினைவுக்கு வந்தது இதுவே.

தை மாதம் எங்கள் மகளுக்குக் காதுகுத்து. கணவாய்க் காற்று பந்தலின் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. எங்களுடையது இரு வீட்டாரும் கூடிப் பேசி முடித்த திருமணம் அன்று. ஆசிரியப் பயிற்சியின்போது நாங்களே முடிவு செய்துகொண்டது. மனைவியின் பிறந்தகத்திலிருந்து முறைப்படி சபையில் வந்து நின்றது அன்றுதான் முதன்முறை. வந்து நின்றவர் அவள் தம்பி. தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்துவதும், தாய்மாமன் சீர்த்தட்டு கொண்டுவருவதும் இருபக்கத்தாருக்கும் பொதுவான வழக்கம். ஆனால் முந்தைய கோடையில் மழை பொய்த்து, அவருடைய ஏலச்செடிகளில் பாதி கருகியிருந்தன. தட்டில் பழமும் பாவாடையும் பொட்டளவு தோடும் இருந்தன. வேறொன்றுமில்லை. என் பக்கத்துப் பெண்கள் கூட்டத்திலிருந்து, "மலையிலிருந்து வந்த சீரு இம்புட்டுத்தானுங்களா?" என்று ஒரு குரல் எழுந்து அடங்கியது. மகளின் அழுகைக்கு நடுவே அது அவர் காதிலும் விழுந்தது. மருமகளின் கண்ணீரைத் துடைத்தபடி தலை நிமிராமல் இருந்தார்.

பந்தியில் அவர் எனக்கருகே அமர்ந்தார். எதிர்வரிசையிலிருந்த என் உறவினர் ஒருவர், சோற்றைப் பிசைந்தவாறே, "வாத்தியாரு ஏதோ புது யாவாரம் பண்றாராமா? பேர பார்க்கிங் பண்றதாமா. எங்கீங்க, கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுலீங்களா?" என்றார்.

பந்தி முழுவதும் சிரித்தது. என் மைத்துனர் சிரிக்கவில்லை.

"மச்சான், வெளங்கச் சொல்லுங்க. ஒருத்தன் வந்து தொட்டா ஒங்களுக்குக் காசா?"

"ஆமா மாப்பிள்ளை. சில்லறைதான்."

"யாரு தொட்டாலுமா?"

"யாரு தொட்டாலும்."

"அந்தப் பேரச் சொல்லுங்க." சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அட, அது அக்கா சொல்ற சொல்லுல்ல!"

உறவினரையும் நண்பரையும் தொடச் சொல்லக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. அதை நான் படித்திருந்தேன். நான் அவரைத் தொடச் சொல்லவில்லை. தொட வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பெயருக்குக் கூட்டம் வரத் தொடங்கியது. ஒரு நாள் ஒன்பது பேர்; மறுநாள் பதினான்கு; பிறகு ஒவ்வொரு நாளும் இருபத்துமூவர். உச்சிவேளை ஒரு மணியையொட்டி வந்து, அரைமணி நேரத்துக்குள் போய்விடுவார்கள். எல்லோரும் கொச்சியின் வழியாக வந்ததாக அறிக்கை சொன்னது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவரும் வருவதில்லை. ஒருநாள் மாநிலம் முழுவதும் கடையடைப்பு. அன்றும் ஒருவரும் வரவில்லை.

நான் அனைத்தையும் புரிந்துகொண்டேன். கொச்சியில் உயரமான கட்டடத்தில் ஓர் அலுவலகம். கண்ணாடிச் சுவர்கள். உணவு இடைவேளையில் யாரோ ஒருவர் இந்தப் பெயரைக் கண்டுபிடித்துப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லியிருக்கிறார், அவர் அடுத்தவரிடம். கீழே காயல் நீரில் வெயில் கொதிக்க, இருபத்துமூவரும் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். தயிர்ச்சோறு கொண்டுவரும் ஒரு பெண்ணை எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. ஓய்வுபெறச் சில மாதங்களே உள்ள ஒருவரையும் தெரிந்துவிட்டது; அவர் எந்த அறையையும் முன்பதிவு செய்யப்போவதில்லை, படங்களைப் பார்ப்பதோடு சரி. மாசி மாதத்து நண்பகல்களில், பள்ளி வராந்தாவின் தூணில் சாய்ந்து, காற்றில் தென்னோலைகள் ஒன்றையொன்று உரசும் ஒலியில், கைபேசியில் அந்த எண் ஒன்று, ஐந்து, பன்னிரண்டு என்று ஏறுவதைக் கண்டிருப்பேன். இருபத்துமூன்றை எட்டியதும் மனம் நிறைந்துவிடும். எல்லோரும் வந்துவிட்டார்கள்; எவருக்கும் நோயில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் பாலை வடிகட்டிக்கொண்டிருந்தாள். "அம்புட்டு வேலையத்த ஆபீசு எங்க இருக்கு? எனக்கும் அதுல ஒரு வேல பாத்துக் குடுங்க" என்றாள். ஆனால் அறிக்கையைக் காட்டியபோது கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். "பொழச்சுக்கிரும்போல" என்றாள்.

பங்குனி நடுவில் வரம்பை எட்ட இன்னும் ஒரு வாரமே இருந்தது. அப்போது நிறுவனத்தின் மடல் வந்தது. என் கணக்கு மூடப்பட்டது. ஒரே கூட்டத்தார், ஒரே வேளையில், ஒவ்வொரு நாளும் வந்து, விளம்பரத்தைத் தொட்டவுடன் ஒன்றையும் படிக்காமல் திரும்புகிறார்கள். இவை இயல்பான வருகைகள் அல்ல. சேர்ந்த தொகை விளம்பரம் கொடுத்தவர்களிடமே திருப்பப்படும். மறுப்பிருந்தால் எழுதலாம்.

எழுதினேன். ஆங்கிலத்தில் நான் எழுதியவற்றுள் அதுவே சிறந்தது என்று இன்றும் எண்ணுகிறேன். என் இருபத்துமூவருக்காக வாதாடினேன். அவர்கள் உழைப்பாளிகள், உணவு இடைவேளையன்றி வேறு ஓய்வில்லாதவர்கள், மலையை விரும்புவது இயல்பற்ற செயலாகாது என்று எழுதினேன். ஒவ்வொரு சொல்லையும் உண்மையென்று நம்பியே எழுதினேன்.

மறுநாள் சனிக்கிழமை. எங்களுக்குப் பள்ளி விடுமுறை. ஒரு மணிக்கு மைத்துனர் அழைத்தார்.

"மச்சான், இன்னைக்கு ஒங்க கடை தொறக்கலையே? வெறும் வெள்ளையா வருது. இங்க பொம்பளையாளுக கையக் கழுவிட்டு உக்காந்திருக்காக."

"எந்தக் கடை மாப்பிள்ளை?"

"என்ன இப்படிக் கேக்குறீக? நம்ம பேரு கடைதான். ஸ்டோருல சாப்புட்டு முடிச்சதும் ஆளுக்கொரு தட்டு தட்டிட்டுத்தான வேலைக்கு எந்திரிக்கிறோம். என்னோட சேத்து இருவத்திமூணு பேரு. லீவு போட்டவகூட வீட்டுலருந்து தட்டிருவா. ஸ்டோரு மூடுற நாளுதான் தட்டுறதில்ல."

ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் கூடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். மலையில் வரும் கைபேசித் தொடர்பையெல்லாம் அறிக்கை கொச்சி என்று காட்டுமென்பது பின்னர்தான் தெரிந்தது. அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றே: கண்ணாடிச் சுவர்கள் ஓசையின்றிக் கரைந்துகொண்டிருந்தன.

"எதுக்கு மாப்பிள்ளை இதெல்லாம்?"

பின்புலத்தில் முறங்கள் ஒலித்தன. "அன்னைக்கு மாமன் சீரு கொறஞ்சு போச்சுல்ல மச்சான். காயி வெளஞ்சிருந்தா அப்படி வந்து நிப்பேனா? கொஞ்சங் கொஞ்சமாச் செஞ்சு தீத்துருவோம்னுதான். எங்க ஆளுகளும் நம்ம வீட்டுப் புள்ளைக்குத்தானன்னு சேந்துக்கிட்டாக."

மொய் எழுதுவதற்குப் போவதுபோல் அவர்கள் ஒவ்வொரு நாளும் கைகழுவிவிட்டு வந்திருக்கிறார்கள். எவரும் எவரையும் வற்புறுத்தவில்லை. வேற்று நாட்டில் இருந்துகொண்டு இதனை மோசடி என்று கண்டுபிடித்த கணிப்பொறிக்குத் தாய்மாமன் என்றால் யாரென்று தெரியாது. அதன் கணக்கும் பிழையில்லாததுதான்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, நான் தடுமாறுவதைக் கண்டு கைபேசியை வாங்கிக்கொண்டாள்.

"ஏண்டா, ஒன்ன எவன்டா தட்டச் சொன்னான்? மொத்தத்தையும் மூடிட்டுப் போயிட்டான் வெள்ளக்காரன்."

"என்னக்கா சொல்ற? அப்ப நாங்க இத்தன நாளு தட்டுனது?"

"புடுங்கிட்டான்."

"சீரு?"

முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "அதெல்லாம் வந்து சேந்துருச்சுடா" என்றாள் கடைசியில்.

"பேருக்குக் கட்டுற காச நான் அனுப்புறேன்க்கா. ஒரு கிலோ காயி போட்டா வந்துரும்."

"நீ அனுப்புனா அது பேரு சம்பாதிச்சதாகுமாடா? ஒங்க மச்சான் எனக்கு வாக்குக் குடுத்துருக்காரு." இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்த்தாள். நான் வேறு விதமாகச் சொல்ல வேண்டும் என்று அவள் விரும்பியிருக்கலாம். அவ்வாறு விரும்பினாளா என்று நான் இதுவரை கேட்டதில்லை. ஆம் என்று தலையசைத்தேன்.

அன்று மாலை நிறுவனத்துக்கு இரண்டாம் மடல் எழுதினேன். முந்தைய மடலில் நான் உறுதியாகக் கூறியவை தவறு. அவர்கள் என் உறவினரும் உறவினரின் தோழியரும் ஆவர். அவர்கள் அறியாமல் செய்தனர். விதியை அறிந்திருந்தும் சொல்லாமல் விட்டவன் நான். சிறிய மடல். அதற்கு விடை வரவில்லை, வேண்டியதுமில்லை.

அதன் பின்னர் நெடுநாள் நான் கனவில் கண்டது ஸ்டோரைத்தான். நான் அங்கே பலமுறை போயிருக்கிறேன்; ஆனால் அப்பெண்களை ஒருபோதும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். ஏலக்காயின் பச்சை மணம் நகக்கண்களில் ஊறிய விரல்கள். உலர்த்தும் அடுப்பின் வெதுவெதுப்பு. சன்னலுக்கு வெளியே மேகம் இறங்கிய சரிவு. அவர்கள் கையிலுள்ள சிறு திரையில் அதே சரிவின் படம், ஒரு நாள் வாடகையோடு. மைத்துனர் சொன்னார்: ஓர் அறையில் பெரிய குளியல்தொட்டி இருந்ததாம், அதைப் பார்த்துவிட்டு மூத்த பெண்மணி ஒருத்தி, "இதுல காயி அலசுனா நாலு மூட ஒரே தடவையில அலசிறலாம்டி" என்றாளாம். நான் படைத்த கொச்சிக்காரர்களுள் ஒருவரும் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

சித்திரையில் பத்துப் பெயர்களும் அந்த ஒன்றும் தவணை கடந்தன. அந்த ஒன்றைக் கட்டணத்தோடு மீட்க ஒரு மாதம் அவகாசம் தந்தார்கள். விடுமுறை, ஊதியமில்லாத மாதம். பால் பணம் வந்தது. தீவன மூட்டை வந்தது. கடைசி நாளன்று நான் கட்டிலில் படுத்து ஓலைகளின் இடுக்கில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெயர் கைவிட்டுப் போகும்போது ஒலி ஏதும் எழுவதில்லை. மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ஆவணியில் ஏலக்காய் பறிப்புத் தொடங்கியது. அவ்வாண்டு மழை நன்றாகப் பெய்திருந்தது. ஒரு நாள் நண்பகல், நான் வராந்தாவில் இருந்தபோது, மைத்துனர் அழைத்தார். மூச்சு வாங்கப் பேசினார்.

"மச்சான், கடை தொறந்துட்டாக! நம்ம பேருதான். பழையபடி படமெல்லாம் வருது. இங்க ஒருத்தி பழக்கத்துல தட்டிப் பாத்திருக்கா. ஆரம்பிச்சுரலாமா?"

நான் என் கைபேசியில் பார்த்தேன். உண்மைதான். எவரோ அந்தப் பெயரை எடுத்து, என்னைப்போலவே ஒன்றும் கட்டாமல், விளம்பரங்களை விரித்துவைத்திருந்தார்.

"அது இப்ப நம்முது இல்ல மாப்பிள்ளை. வேற யாரோ வாங்கிட்டாங்க."

"யாரு?"

"தெரியல. என்னை மாதிரி ஒருத்தர்."

அவர் அடுத்து என்ன செய்வதென்று கேட்டார். அக்கணத்தில் என் மனத்தில் ஒரு வழி முழுமையாக விரிந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். இருபத்துமூவரும் இரண்டு மாதம் நாள்தோறும் தொட்டால், அந்த மனிதரின் கணக்கும் மூடப்படும். வருவாயற்ற பெயரை அவர் அடுத்த ஆண்டு விட்டுவிடுவார். அப்போது ஒருவேளைச் சாப்பாட்டு விலைக்கு அது மீண்டும் எனக்குக் கிடைக்கக்கூடும். நான் ஒரு சொல்லும் பொய் சொல்ல வேண்டியதில்லை. சரி என்றால் போதும். மைதானத்துக்கு அப்பால் ஒரு தென்னோலை காற்றில் எழுந்து தாழ்ந்தது. அவ்வளவு நேரமே அந்த எண்ணம் என்னோடு இருந்தது.

"தட்ட வேண்டாம் மாப்பிள்ளை. தட்டினா அவருக்குக் கெடுதல்."

"சும்மா பாக்கலாமா?"

"பாக்கலாம்."

அவர் கைபேசியைக் காதிலிருந்து விலக்காமலே கூவினார். "ஏய், யாரும் தட்டாதீக! அடுத்த ஆளு கடை! பாத்துட்டு வச்சிருங்க!"

"பாக்குறதுக்கும் காசு கேப்பானாடா அவென்?" என்றது ஒரு முதிய குரல். பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்தபின் சிறிது நேரம் அங்கே முறத்தின் ஒலிகூட இல்லை. பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அறிந்தேன். பிறகு ஒரு முறம், இன்னொரு முறம், எல்லா முறங்களும்.

அன்று அந்தப் பெயருக்கு இருபத்துமூவர் வந்து, ஒன்றையும் தொடாமல் திரும்பியிருப்பார்கள். எங்கோ ஒருவர் தம் அறிக்கையைத் திறந்து, கொச்சியிலிருந்து உச்சிவேளையில் வந்துபோன அவர்களைப் பற்றி என்ன எண்ணிக்கொண்டாரோ, அறியேன்.